நீலம் இருக்கிறது, நூல்தான் இல்லை

செனகல் ஆற்றங்கரைக்குப் பிசின் வாங்கப் போன பிரெஞ்சு வணிகர்கள் வெள்ளிக் காசைவிட நீலத் துணியைத்தான் அதிகம் நம்பினார்கள். அந்தத் துணி புதுச்சேரியிலிருந்து போனது. அவுரி நீலத்தில் பலமுறை முக்கியெடுத்த பருத்தித் துணி. ‘கினே’ என்று அதற்குப் பெயர். சகாரா ஓரத்து மூர் மக்கள் வேல மரப் பிசினைக் கொடுத்து அதை வாங்கினார்கள். 19-ம் நூற்றாண்டில் அந்தக் கரையில் கினேயே பணமாகப் புழங்கியது. கடன் எழுதினாலும் அதில்தான், விலை பேசினாலும் அதில்தான். ஐரோப்பிய ஆலைகள் அதைப்போலவே நெய்து அனுப்பிப் பார்த்தன. மூர்கள் தொட்டுப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள்.

அந்தப் பிசின் எங்கே போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவின் துணி அச்சுக்கூடங்களில் சாயத்தைக் கெட்டிப்படுத்த அது தேவைப்பட்டது. நம் சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளைப் பார்த்துத் தொடங்கிய அச்சுக்கூடங்கள் அவை. நம் நீலத்தைக் கொடுத்து வாங்கிய பிசினைக் கொண்டே நம் துணிக்குப் போட்டி உருவானது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

இன்று உலகின் பல ஊர்களில் நண்பர்கள் கூடி உட்கார்ந்து கையால் நூல் நூற்கிறார்கள், வீட்டுக் கொல்லையில் சாயம் ஏற்றுகிறார்கள், பிறகு ஊசியெடுத்துப் பின்னுகிறார்கள். காஷ்மீரத்து ஆட்டின் உள்மயிர், அங்கோரா முயலின் மயிர், அல்பாக்கா, பட்டு என்று உயர்ந்த இழைகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நூற்பு, சாயம், பின்னல் மூன்றும் ஒரே கூடத்தில், ஒரே கூட்டத்தின் கையில் இருக்கின்றன அல்லவா, அதுதான் என்னை இழுக்கிறது. புதுச்சேரிக் கிராமங்களில் இந்த மூன்றில் இரண்டு இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. முதலாவது மட்டும் வீட்டை விட்டுப் போய்விட்டது.

எருமைப் பாலும் கடுக்காயும்

பாகூருக்குப் போகிற கடலூர்ச் சாலையில் அரியாங்குப்பத்தில் இறங்கினால் அரிக்கமேடு பக்கம்தான். 1945-ல் அங்கே அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், செங்கல் கட்டிய தொட்டிகளைக் கண்டு, மெல்லிய துணிக்குச் சாயம் ஏற்றிய இடம் என்று கருதினார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கு ஆய்வாளர்களோடு இருக்கட்டும். அதற்குப் பிந்தைய சான்று ஒன்று இருக்கிறது. அதை மறுக்க யாராலும் முடியாது.

1734 வாக்கில் பொல்யூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சித்திரத் துணி செய்பவர்களிடம் உட்கார்ந்து, வேலை தொடங்கியது முதல் முடிவது வரை பார்த்து எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துவைத்தார். அந்தக் கையெழுத்துப் படியும் துண்டுகளும் பாரிஸில், தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1742-ல் புதுச்சேரி ஏசு சபைப் பாதிரியார் கேர்தூ இதே தொழிலைப் பற்றி நீண்ட கடிதம் எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவை ஐரோப்பியருக்கு முதலில் சுட்டிக்காட்டியவர்களில் அவரும் ஒருவர். அப்பேர்ப்பட்ட மனிதர், சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுத்தார். எருமைப் பாலும் கடுக்காய்த் தூளும் கலந்த நீரில் துணியை ஊறவைப்பது, படிகாரம் தொட்டு வரைவது, நீலம் படக்கூடாத இடத்தை மெழுகால் மூடுவது, சாயவேரைக் கொதிக்கவைத்துச் சிவப்பேற்றுவது என்று எல்லாம் அதில் உண்டு.

சாயவேர் நம் கடற்கரை மணலில் தானாக முளைக்கிற சிறு செடி. அதன் வேர்ப்பட்டையில் இருக்கிறது சிவப்பு. 1869-ல் ஐரோப்பிய வேதியியலர்கள் அந்தச் சிவப்பை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாயவேரும் அவுரியும் அதோடு சரிந்தன. அவற்றை அறிந்த கைகளும் வேறு வேலை தேடிப் போயின.

நூல் முதலில் போன கதை

நூற்புக்கு வந்த கேடு அதற்கும் முந்தியது. புதுச்சேரியில் 1820-களின் இறுதியிலேயே நூற்பாலை வந்துவிட்டது. பம்பாயில் முதல் பஞ்சாலை ஓடத் தொடங்கியது 1850-களில். அதாவது, பம்பாய்க்குக் கால் நூற்றாண்டு முன்பே இங்கே ராட்டைக்கு எதிரி வந்தாயிற்று. ஆலை நூலை வாங்கித் தறிக்காரர்கள் நெய்தார்கள், சாயக்காரர்கள் நீலம் ஏற்றினார்கள். கையால் நூற்ற நூலுக்கு விலை இல்லாமல் போயிற்று. சங்கப் பாடல்களில் விளக்கொளியில் நூற்கும் பெண்கள் வருகிறார்கள். கீழடியில் தக்ளிக் குண்டுகள் கிடைத்தன. அவ்வளவு பழைய வேலை, ஓர் ஆலையின் சங்கொலியில் ஓய்ந்தது.

பிறகு ஆலைகளே ஊரின் வாழ்வாயின. சவானா மில், ரோடியர் மில், கெப்ளே மில் என்று பெரியவர்கள் இன்றும் பழைய பெயரில்தான் சொல்வார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் விடியுமுன் நடந்து வேலைக்குப் போனார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியபோது, 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த உயிர்கள் வாங்கிக் கொடுத்ததுதான் பிரெஞ்சிந்தியாவின் எட்டு மணி நேர வேலைச் சட்டம். ரோடியர் மில்லாக இருந்து ஏ.எஃப்.டி. ஆன ஆலை 2020-ல் மூடப்பட்டது. கை நூற்பை விழுங்கிய ஆலைக் காலமும் போய்விட்டது. இன்று புதுச்சேரிக்காரருக்கு ராட்டையும் இல்லை, மில்லும் இல்லை.

இடையில் கை நூற்பை மீட்க ஒரு முயற்சி நடந்ததை மறக்கக்கூடாது. 1920 வாக்கில் பாரதிதாசன் கதர்த் துணியைத் தோளில் சுமந்து புதுச்சேரித் தெருக்களில் விற்றார். 1930-ல் ‘கதர் இராட்டினப் பாட்டு’ வெளியிட்டார். 1934 பிப்ரவரியில் காந்தி இங்கே வந்து போனார். ராட்டையைச் சீர்திருத்தும் போட்டிக்கு 1929-ல் ஒரு லட்ச ரூபாய்ப் பரிசு அறிவிக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு, ஒன்றுக்கு மேற்பட்ட கதிர்களோடு ஓடும் ராட்டையைச் செய்துகாட்டியவர் திருநெல்வேலிச் சீமைக்காரர் ஏகாம்பரநாதன். நாடு முழுக்க அம்பர் சர்க்கா என்று வழங்குவது அவர் பெயரால்தான்.

ஆரோவில்லின் நீலத் தொட்டிகள்

சாயம் பிழைத்துக்கொண்டது. வில்லியனூரிலிருந்து வண்டியில் போகிற தூரத்தில், ஆரோவில்லில் ‘கலர்ஸ் ஆஃப் நேச்சர்’ என்ற சாயக்கூடம் 1993 முதல் இயங்குகிறது. ரசாயனத்தால் அவசரப்படுத்தாமல், புளிக்கவைத்து நீலம் ஏற்றும் நம் பழைய முறையை அங்கே மீட்டிருக்கிறார்கள். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது, நீலக்கட்டியும் தயாராகிறது. அறுத்த செடியைத் தொட்டியில் ஊறப்போட்டு, மறுநாள் அந்த நீரை வடித்து, ஆட்கள் இறங்கிக் காலால் உதைத்துக் கலக்குவார்கள். பச்சை மஞ்சளாக இருந்த நீர் காற்றுப் பட்டு நீலமாகும். அடியில் தங்கும் வண்டலை வடிகட்டி, காய்ச்சி, அழுத்தி, கட்டியாக அறுத்து உலர்த்துவார்கள். சக்கையும் வீணாகாது. வயலுக்கு நல்ல எரு.

கட்டி நீலம் தண்ணீரில் கரையாது. அங்கேதான் சாயக்காரரின் வித்தை இருக்கிறது. நீலக்கட்டியை அரைத்து, தகரை விதையை வேகவைத்துக் கூழாக்கி, சுண்ணாம்பும் காரமும் சேர்த்துப் பானையில் ஊற்றி, சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில நாளில் புளிப்பேறும். மேலே செம்பு நிற ஏடு படியும், நடுவில் நீல நுரை பூக்கும், உள்ளே நீர் மஞ்சளும் பச்சையுமாகத் தெளியும். நனைத்துப் பிழிந்த நூலைக் குமிழி எழாமல் மெல்ல இறக்கி, சற்றுப் பொறுத்து வெளியே எடுத்தால் நூல் பச்சையாக வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீலமாகும். எத்தனை முறை முக்குகிறோமோ அத்தனை அடர்த்தி. ஒருமுறை புளித்த பானை செத்துப்போக வேண்டியதில்லை. தீனி போட்டு, கலக்கி, முகர்ந்து பார்த்து வளர்த்தால் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். தனியாளுக்கு இது பெரும்பாடு. நான்கு தோழிகள் முறைவைத்துப் பார்த்தால் பாரமே தெரியாது.

பின்னலும் நம் வீடுகளில் சாகவில்லை. ஒயர் கூடை பின்னாத தெரு உண்டா? உல்லன் தோரணம், குரோஷா மேசைவிரிப்பு, குழந்தைக்குத் தொப்பி என்று திண்ணையிலும் வாசற்படியிலும் விரல்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நகரத்தில் குளுனி கன்னியர் நடத்தும் தையற்கூடத்தில் பெண்கள் இன்றும் கையால் பூவேலை செய்கிறார்கள். குறை என்னவென்றால், இத்தனை திறமையும் கடையில் வாங்கிய அக்ரிலிக் நூலில் போய் முடிகிறது. நம் வெயிலுக்கு அது உடம்பில் ஒட்டுமா?

எது உயர்ந்த இழை?

லடாக்கில், நாலாயிரம் மீட்டருக்கு மேலே மேய்கிற சாங்தாங்கி ஆட்டின் உள்மயிரே பஷ்மினா. நம் தலைமுடியின் ஐந்தில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். காஷ்மீரப் பெண்கள் அதைக் கையால் நூற்கிறார்கள். அதன் பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பாகூர் வெயிலில் யார் போர்த்துவது? மென்கம்பளிதான் வேண்டுமென்றால் கொடைக்கானல் மலை மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் பாரத் மெரினோ செம்மறிகளை வளர்க்கிறது. நீலகிரிச் செம்மறிக்குச் சாண்டிநல்லாவில் ஆராய்ச்சி நிலையம் உண்டு.

என்னைக் கேட்டால் நமக்கேற்ற உயர்ந்த இழைகள் இரண்டு. ஒன்று எரிப்பட்டு. ஆமணக்கு இலையும் மரவள்ளி இலையும் தின்று வளர்கிற புழு அது. கூட்டின் ஒரு முனை திறந்தே இருப்பதால் அந்துப்பூச்சி வெளியேறிய பிறகு கூட்டை எடுத்துக்கொள்ளலாம். மற்றப் பட்டைப்போல் ஒரே இழையாக உருவ முடியாது. பஞ்சைப்போல் நூற்கத்தான் வேண்டும். அதனாலேயே அது கை நூற்புக்காரர்களுக்குக் கிடைத்த வரம். சோப்பு நீரில் வேகவைத்துப் பசை போக்கிவிட்டால் கம்பளியின் மென்மை வரும், பட்டின் பளபளப்பும் இருக்கும். மரவள்ளி நம் பக்கத்துப் பயிர், ஆமணக்கு வேலியோரத்தில் நிற்கிறது.

மற்றொன்று கருங்கண்ணிப் பருத்தி. கரிசல் மண்ணில் மழையை மட்டும் நம்பி விளைகிற நாட்டுப் பருத்தி. இழை குட்டை. அமெரிக்க நெடும்பருத்திக்கென்று வடிவமைத்த ஆலை எந்திரங்களுக்கு அது ஒத்துவரவில்லை என்று மட்டமாகப் பேசி ஒதுக்கினார்கள். கைக்கு அது நன்றாக ஒத்துவரும். வில்லடித்து, பட்டை உருட்டி, நிதானமாக இழுத்தால் வியர்வையை உறிஞ்சுகிற மென்மையான நூல் கிடைக்கும். சென்னையின் ‘துலா’ அமைப்பு, உழவர், நூற்பவர், நெய்பவர், சாயக்காரர் எல்லோருக்கும் நியாயமான கூலி கிடைக்கும்படி மானாவாரிப் பருத்தியில் துணி செய்துகாட்டியிருக்கிறது. எந்த ஆட்டு மயிருக்கும் அது குறைந்ததில்லை.

தொடங்குவதற்குக் கருவி பெரிதாக வேண்டாம். வெள்ளிக்கிழமை விளக்குக்குத் தொடையில் வைத்துத் திரி திரிக்கிற கைக்கு முறுக்கேற்றம் புதிதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒரு காலத்தில் தக்ளி சுற்றியவர்கள் இன்று பாட்டி தாத்தாக்களாக நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டாலே பாதி வேலை முடியும். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தக் குயவர்களிடம் சொன்னால் தக்ளிக்கு மண் குண்டு செய்துகொடுப்பது அவர்களுக்கு ஒரு வேலையா? குண்டின் நடுவே மூங்கில் குச்சியைச் செருகினால் தக்ளி தயார்.

சில நடைமுறைச் செய்திகள். தக்ளியில் வந்த ஒற்றை நூலில் பின்னினால் பின்னல் கோணும். இரண்டு இழையை எதிர்ப்பக்கமாக முறுக்கிச் சேர்த்த பிறகே ஊசியில் ஏற்ற வேண்டும். பருத்தி நூலைச் சோடா நீரில் கொதிக்கவிட்டு மெழுகு போக்காவிட்டால் நீலம் பிடிக்காது. எரிப்பட்டுக்குக் காரம் ஆகாது. நீலப் பானையில் நெடுநேரம் விடாமல் எடுத்து, சிறிது காடி கலந்த நீரில் அலச வேண்டும். மஞ்சள் வேண்டுமென்றால் பலா மரத்தூள், அதன்மேல் நீலம் ஏற்றினால் பச்சை.

இதையெல்லாம் உடனே ‘வருமானம் தரும் சுயதொழில்’ ஆக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. நூற்பவருக்குச் சரியான கூலி தராத சந்தை அது. முதலில் பழகட்டும். முதல் துண்டை நூற்றவளே போர்த்தட்டும், இரண்டாவதைத் தோழியின் குழந்தைக்குப் பின்னட்டும். கை பழகிய பின் விற்க நினைத்தால், நூற்ற நேரத்துக்கும் சேர்த்து விலை சொல்லுங்கள், பேரம் பேசிக் குறைக்காதீர்கள்.

வில்லியனூரிலோ பாகூரிலோ நான்கைந்து பேர் சேர்ந்தால் போதும். ஆளுக்கொரு தக்ளி, பொதுவாக ஒரு நீலப் பானை, கொஞ்சம் கருங்கண்ணிப் பஞ்சு. வரும் மழைக்கு வேலியோரத்தில் அவுரி விதையும் ஊன்றிவையுங்கள். அதற்குத் தனியாக நிலம் தேவையில்லை.