ஊராட்சி பேரூராட்சியாக மாறும்போது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 1,097 நகரங்கள் இருந்தன. அவற்றில் 376 ஊர்களில் நகராட்சியும் கிடையாது, பேரூராட்சியும் கிடையாது. கணக்கெடுப்புத் துறைக்கு அவை நகரம். சட்டத்தின் கண்ணுக்கு இன்னும் கிராமம். 2001இல் இப்படிப்பட்ட ஊர்கள் 111தான் இருந்தன. பத்தே ஆண்டுகளில் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டன.

கணக்கெடுப்புத் துறை மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. மக்கள்தொகை 5,000க்குக் குறையக் கூடாது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். பெருநகரங்களின் ஓரத்திலும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியும் இருக்கிற பல ஊர்கள் இந்த மூன்றையும் எப்போதோ தாண்டிவிட்டன. வயல் மனையாகிவிட்டது, வாடகை வீடுகள் பெருகிவிட்டன, கழிவுநீர் போக வழியில்லாமல் தெருவில் தேங்குகிறது. ஊராட்சி அலுவலகத்தில் இருப்பதோ ஒரு செயலர், சில தூய்மைக் காவலர்கள், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிவிட ஓர் ஆள். இந்த நிலையில்தான் 'பேரூராட்சி ஆக்கப் போகிறார்கள்' என்ற பேச்சு கிளம்புகிறது.

ஆக்குவது யார் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சியை மூன்று படிகளாகப் பிரித்தது. கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதிக்கு முதல் படி. நாம் பேரூராட்சி என்பது அதைத்தான். அடுத்தது நகராட்சி, அதற்கு மேல் மாநகராட்சி. மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சிக்குக் கிடைக்கும் வருமானம், விவசாயம் சாராத வேலைகளின் பங்கு, ஊரின் பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைப் பார்த்து ஆளுநர் அறிவிக்கை வெளியிட வேண்டும் என்கிறது 243-கியூ பிரிவு. ஆளுநர் என்றால் நடைமுறையில் மாநில அரசு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவை மாநிலமே வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இப்போது இதற்கான சட்டம் 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். இயற்றி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகி, 2023இல்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது.

இதில் ஊர் மக்களின் வாக்கெடுப்புக்கு இடமே இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் சாண்டி ஸ்பிரிங்ஸ், தனி நகரமாவதற்கு முன் 2005 ஜூனில் மக்களிடம் வாக்குக் கேட்டது. 94 விழுக்காட்டினர் சம்மதம் சொன்ன பிறகுதான் அந்த டிசம்பரில் நகரம் பிறந்தது. நம் ஊரில் அப்படி இல்லை. மாவட்ட ஆட்சியரின் அறிக்கை போகும்; அரசு தன் உத்தேசத்தை அரசிதழில் வெளியிடும்; ஆட்சேபங்களுக்குக் கெடு வைக்கும்; கெடு முடிந்ததும் இறுதி அறிவிக்கை வரும். கிராம சபை எதிர்த்துத் தீர்மானம் போட்டாலும் அது அரசைக் கட்டுப்படுத்தாது. இது பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன். ஒரு தார்ச்சாலைக்குக் கிராம சபையின் கருத்தைக் கேட்கும் நாட்டில், அந்தக் கிராம சபையையே இல்லாமல் செய்யும் முடிவுக்கு அதன் சம்மதம் வேண்டாம் என்பது சரியில்லை. இப்போதைக்கு ஊருக்கு இருக்கிற ஒரே வாசல் அந்த ஆட்சேபக் கெடுதான்.

என்னவெல்லாம் மாறும்? பலரும் கவனிக்காத முதல் மாற்றம், அதிகாரம் யார் கையில் என்பது. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சித் தலைவரே நிர்வாக அதிகாரி. அவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு, சாவி என்று ஏதாவது ஒரு சின்னத்தில் நின்று, ஆளைப் பார்த்துப் போடும் ஓட்டில் ஜெயிக்கிறார். பேரூராட்சியில் நிர்வாகம் செயல் அலுவலரிடம் இருக்கும். அவர் அரசு ஊழியர், மாற்றலாகி வருவார், போவார். மக்கள் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்களை. தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடக்கும். 2022 தேர்தலில் தலைவரை அந்த உறுப்பினர்கள்தான் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் இதுவரை தலைவர் வீட்டுத் திண்ணைக்குப் போய் நின்றீர்கள்; இனி வார்டு உறுப்பினரிடம் சொல்லி, அவர் மன்றத்தில் பேசி, செயல் அலுவலர் கோப்பில் கையெழுத்திட வேண்டும். இதில் நன்மையும் உண்டு. தலைவரின் தெருவுக்கு மட்டும் விளக்கு எரிவது குறையும். கணக்கு, ஒப்பந்தப்புள்ளி எல்லாம் பயிற்சி பெற்ற ஒருவர் கையில் இருக்கும். பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு இரண்டு இடத்திலும் உண்டு.

கிராம சபை போய்விடும். ஆண்டுக்கு நான்கு முறை கூடியது, 2022இலிருந்து ஆறு முறையாகியிருக்கிறது: குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள யாரும் எழுந்து வரவு செலவைக் கேட்கலாம். நகர்ப்புறத்துக்கு வார்டு குழு, பகுதி சபை என்று சட்டத்தில் உண்டு. அதற்கான விதிகளே 2022இல்தான் வந்தன. கிராம சபை அளவுக்கு அது ஊன்றுவதற்கு இன்னும் காலம் பிடிக்கும்.

அடுத்தது நூறு நாள் வேலை. பெயரே ஊரக வேலை உறுதித் திட்டம். நகர்ப்புறம் என்று அறிவிக்கப்பட்ட ஊருக்கு அது பொருந்தாது. 2024 டிசம்பர் இறுதியில் 13 புதிய நகராட்சிகளும் 25 புதிய பேரூராட்சிகளும் அமைக்கும் முடிவைத் தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, அடுத்த வாரங்களிலேயே பல ஊர்களில் பெண்கள் ஆட்சியர் அலுவலகத்தின் முன் திரண்டதற்கு முதல் காரணம் இதுதான். அறிவிக்கைக்கு வேண்டிய மக்கள்தொகையும் நெருக்கமும் ஊரின் மொத்தக் கணக்கில் வந்துவிடும். சாலையோரம் கடையும் லாட்ஜும் பெருகி வருமானக் கணக்கை உயர்த்தும். அதே ஊராட்சியின் கடைசிக் குக்கிராமத்தில் இருப்பவர்களுக்கோ ஏரி வேலைக்குப் போனால்தான் அந்த வாரச் செலவு ஓடும். சராசரி எடுத்தால் அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். ஊரக வீட்டுவசதித் திட்டத்துக்கும் இதே கதி. நகர்ப்புறத் திட்டம் வேறாக இருக்கிறது, நிபந்தனைகளும் வேறு.

வரியைப் பற்றிய பயம் ஓரளவு நியாயமானது. ஊராட்சியின் வீட்டு வரி இருந்த இடத்தில் பேரூராட்சியின் சொத்து வரி வரும். குடிநீர்க் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம் எல்லாம் நகர்ப்புற விதிப்படி வசூலாகும். ஆனால் கழிவுநீர்க் கால்வாயும் குப்பை மேலாண்மையும் இந்தப் பணம் இல்லாமல் வராது. சந்தை ஏலம், பேருந்து நிலையக் கடை வாடகை ஆகியவை பல பேரூராட்சிகளுக்கு நல்ல வருமானம். பேரூராட்சிகளை இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று பிரிப்பதே ஆண்டு வருமானத்தை வைத்துத்தான். மாநில நிதி ஆணையத்தின் பங்கும் மத்திய நிதி ஆணையத்தின் மானியமும் தனியே வரும்.

நிதி எந்தப் பக்கம் அதிகம் வரும் என்ற கேள்வி மாநிலம் முழுவதையும் ஒருமுறை புரட்டிப் போட்டது. 2004இல் ஐநூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ஒரேயடியாகச் 'சிறப்பு ஊராட்சி' ஆக்கினார்கள். ஊரகத் திட்டங்களின் பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அதில் இருந்தது. 2006இல் ஆட்சி மாறியதும் அவை மறுபடி பேரூராட்சிகள் ஆயின. இரண்டே ஆண்டுகளில் பலகை இரண்டு முறை மாறியது. தெருவும் சாக்கடையும் அதே தெருவும் சாக்கடையும்தான்.

இறுதி அறிவிக்கை வந்த பின் நடப்பது பெரும்பாலும் அலுவலக வேலை. ஊராட்சி மன்றம் முடிவுக்கு வரும், தனி அலுவலர் பொறுப்பேற்பார். வரிக் கேட்புப் பதிவேடு, தெருவிளக்குகளின் மின் இணைப்பு எண்கள், மோட்டார்கள், குப்பை வண்டிகள், வங்கிக் கணக்குகள் எல்லாம் பட்டியலிட்டுக் கைமாறும். பட்டியலில் விடுபட்டுப்போன ஒரு மோட்டாருக்கு மின் கட்டணத்தை யார் கட்டுவது என்ற இழுபறியில் ஒரு தெரு மாதக்கணக்கில் தவித்துப்போகலாம். தூய்மைக் காவலர்களும் தொட்டி இயக்குபவர்களும் புதிய அமைப்பில் எந்தப் பணியிடத்தில் சேர்க்கப்படுவார்கள் என்பதை அப்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பிறகு வார்டு வரையறை, இடஒதுக்கீடு, மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்தும் தேர்தல். 2022இல் 490 பேரூராட்சிகளுக்கு 7,621 வார்டுகள் இருந்தன. சராசரியாக ஊருக்குப் பதினைந்து, பதினாறு.

அந்தத் தேர்தல் எப்போது வரும் என்பதுதான் கவலை. 2011இல் தேர்ந்தெடுத்த நகர்ப்புற மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நகர்ப்புற ஊர்கள் எல்லாவற்றையும் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள்.

உங்கள் ஊர் பற்றிய உத்தேச அறிவிக்கை வந்தால், 'வேண்டும்' 'வேண்டாம்' என்று ஒற்றை வரியில் மனு எழுதாதீர்கள். எந்தெந்தக் குக்கிராமத்தில் எத்தனை குடும்பங்கள் வேலை அட்டை வைத்திருக்கின்றன, பாசன நிலம் எவ்வளவு, ஊராட்சியின் கடந்த மூன்றாண்டு வருமானம் என்ன என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி எண்களோடு எழுதுங்கள். முழு ஊராட்சியும் மாற வேண்டியதில்லை, நெடுஞ்சாலைப் பகுதி மட்டும் போதும் என்று எல்லை குறித்தும் கேட்கலாம். கிராம சபைத் தீர்மானத்தின் நகலை இணையுங்கள். மனுவைக் கெடுவுக்குள் கொடுத்து, தேதி முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு நீதிமன்றம் போக நேர்ந்தால், ஊர் உரிய நேரத்தில் பேசியது என்பதற்கு அதுதான் சாட்சி.