கோழிக்குஞ்சைக் காக்கும் நற்கிருமிகள்

நெசவும் பயிரும் செய்யும் நம் குடும்பங்களில் கோழி வளர்ப்பை உபதொழிலாகக் கொண்டோர் பலர். பல்லடத்தில் கறிக்கோழியும் நாமக்கல்லில் முட்டைக்கோழியும் பெருந்தொழிலாக ஓங்கியபின், பெருந்துறை வட்டாரத்துத் தோட்டங்களிலும் கோழிக் கொட்டகைகள் எழுந்துள்ளன. ஆகவே, கோழிக்குக் கொடுக்கும் மருந்தைப் பற்றி அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஆன்டிபயாடிக் மருந்துகள் நோய்க்கிருமிகளைக் கொல்வன. ஆயினும், நோயில்லாத காலத்திலும் எடை கூடும்பொருட்டு அவற்றைத் தீவனத்தில் சிறிது சிறிதாகக் கலக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவிற்று. அவ்வாறு செய்கையில் வலுவற்ற கிருமிகள் மடிய, மருந்தைத் தாங்கவல்லவை பிழைத்துப் பெருகுகின்றன. அன்றியும், அத்தன்மையைப் பிற கிருமிகளுக்கும் அவை வழங்கிவிடுகின்றன. கொலிஸ்டின் என்னும் மருந்தை வெல்லும் திறன் இவ்வாறே கிருமிக்குக் கிருமி தாவுவது சீனாவில் கண்டறியப்பட்டு, 2015இல் வெளியாயிற்று. பிற மருந்துகள் பலிக்காதபோது மனிதருயிரைக் காக்க மருத்துவர் இறுதியாக நாடும் மருந்துகளில் அது ஒன்று. அதனால், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதனைக் கொடுத்தலை 2019 ஜூலையில் இந்திய அரசு தடை செய்தது.

அங்ஙனமாயின் குஞ்சைக் காப்பது எங்ஙனம்? நாட்டுக்கோழிக் குஞ்சு, தாய் கிளறும் குப்பையைக் கொத்தி, தாயின் குடலிலுள்ள நல்ல கிருமிகளை முதல் நாளிலிருந்தே பெறுகிறது. பொரிப்பகக் குஞ்சுக்கோ தாய் இல்லை. ஆளில்லா வீடு போன்ற அதன் குடலில் முதலில் நுழைவது எதுவோ அதுவே குடியேறிவிடுகிறது.

1971இல் பின்லாந்து நாட்டுக் கறிக்கோழிகளில் சால்மோனெல்லா என்னும் கிருமி பரவிற்று. நூர்மி, ரன்டலா என்னும் விஞ்ஞானிகள் வளர்ந்த கோழியின் குடற்பொருளை இளங்குஞ்சுகளுக்குப் புகட்டிப் பார்த்தனர். அக்குஞ்சுகள் அக்கிருமியை எதிர்த்து நின்றதை 1973இல் வெளியிட்டனர்.

நற்கிருமிகள் குடற்சுவரில் இடம்பிடித்துத் தீய கிருமிகள் ஒட்டாதவாறு தடுக்கின்றன. இரையில் பங்கு கொள்கின்றன. புளிப்பு அமிலத்தை உண்டாக்கி அவற்றின் பெருக்கத்தை ஒடுக்குகின்றன. தயிரில் காணும் இனத்தைச் சேர்ந்த லாக்டோபாசில்லசும், விதைபோன்ற உறையுள் அடங்கி வெப்பத்தைத் தாங்கும் பாசில்லசும் இவற்றுள் முக்கியமானவை. இவையே புரோபயாடிக் எனப் பெயர் பெற்றுக் கடைகளில் கிடைக்கின்றன.

இவற்றைக் குஞ்சு வந்த முதல் நாளே தொடங்குதல் நலம். குளோரின் கலந்த நீரிலோ, ஆன்டிபயாடிக்குடன் சேர்த்தோ கொடுத்தால் நற்கிருமிகளும் மடியும், செலவு வீணாகும். இது தடுப்பு முறையேயன்றி, நோயுற்ற கோழிக்குச் சிகிச்சையன்று. நோய் கண்டால் கால்நடை மருத்துவர் குறிக்கும் மருந்தை, குறித்த நாள் வரை கொடுத்து, அவர் சொல்லும் இடைவெளி கழிந்த பின்னரே கோழியை விற்க வேண்டும். கொட்டகைச் சுத்தமும், ஈரமற்ற கூளமும், தடுப்பூசியும் இல்லாவிடத்து எந்த நற்கிருமியும் பயன் தராது.

மஞ்சளுக்கும் தென்னைக்கும் இடும் கோழி எருவை நன்கு மக்கவைத்தே இடுதல் வேண்டும். மருந்துக்கு அடங்காத கிருமி கொட்டகையோடு நில்லாது. எருவின் வழியே வயலுக்கும், கையின் வழியே அடுப்படிக்கும் வரும். இன்று தீவனத்தில் வீணே கலக்கும் மருந்து, நாளை நம் குழந்தைக்குத் தேவைப்படும்போது பலிக்காமற் போகலாம் என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் மனத்திற்கொள்வாராக.