வீட்டுப்பாடத்தை ஒதுக்கிய இரவில் பிறந்த வரைபடம்

தொடக்கக் கல்லூரித் தேர்வொன்றில் மரபியல் கணக்கு ஒன்று என் காலை வாரியது. இரண்டு பண்புகள் என்றதும், யோசிக்காமல் 1:1:1:1 என்று எழுதிவிட்டேன். அந்த இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

அப்படிப் பிணைந்த மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். ஆனால், முட்டையணு உருவாகும்போது இணை குரோமோசோம்கள் சில இடங்களில் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அப்போது புதிய சேர்க்கைகள் பிறக்கின்றன.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மோர்கன் பழ ஈக்களை வைத்து இதை ஆராய்ந்தார். பாடநூல்களில் இன்றும் வரும் கணக்கு இது. கலப்பின வகைப் பெண் ஈக்களை, கருப்பு உடலும் குட்டைச் சிறகும் கொண்ட ஆண் ஈக்களுடன் சேர்த்தபோது 2,300 ஈக்கள் பிறந்தன. சாம்பல் உடல், இயல்பான சிறகு: 965. கருப்பு உடல், குட்டைச் சிறகு: 944. புதிய சேர்க்கைகளான சாம்பல் உடல், குட்டைச் சிறகு 206. கருப்பு உடல், இயல்பான சிறகு 185.

புதியவை மொத்தம் 391. அதை 2,300ஆல் வகுத்தால் 17 விழுக்காடு. இதுதான் மறுசேர்க்கை விகிதம்.

இனி இதை வைத்து முன்கூட்டியே கணிக்கலாம். அதே கலப்பில் 200 ஈக்கள் பிறந்தால், 17 விழுக்காடான 34 ஈக்கள் புதிய சேர்க்கையாக இருக்கும் என எதிர்பார்க்கலாம். ஒவ்வொரு வகையிலும் 17. மீதி 166ஐப் பாதியாக்கினால் பழைய வகைகளில் தலா 83. இங்கே பலர் செய்யும் தவறு, இரண்டு புதிய வகைகளுக்கும் தலா 17 விழுக்காடு கொடுப்பது. அந்த 17, இரண்டுக்கும் சேர்த்துத்தான்!

இன்னொன்றையும் பாருங்கள். அந்தப் பெண் ஈ, சாம்பலையும் குட்டைச் சிறகையும் ஒரு பெற்றோரிடமிருந்தும், மற்ற இரண்டையும் இன்னொரு பெற்றோரிடமிருந்தும் பெற்றிருந்தால் விடை தலைகீழாகிவிடும்.

மோர்கனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட் என்ற இளங்கலை மாணவர் இருந்தார். ஏறக்குறைய என் வயதுதான். மரபணுக்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ, அவ்வளவு அதிகமாகப் பிரியும். அப்படியானால் இந்த விழுக்காடு தூரத்தை அளக்குமே என்று 1911இல் அவருக்குத் தோன்றியது. வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவைத்து, இரவின் பெரும்பகுதி உட்கார்ந்து உலகின் முதல் மரபணு வரைபடத்தை வரைந்தார். 1913இல் அது வெளியானது. இன்றும் 1 விழுக்காடு மறுசேர்க்கையை ஒரு வரைபட அலகு என்கிறோம்.

ஆனால் இந்த விகிதம் 50 விழுக்காட்டைத் தாண்டாது. மிகத் தொலைவில் உள்ள மரபணுக்கள், ஒரே குரோமோசோமில் இருந்தாலும், பிணைப்பே இல்லாதவைபோல நடந்துகொள்ளும்.

அடுத்த முறை விகிதத்தை எழுதுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இவை ஒரே குரோமோசோமில் உள்ளனவா? அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.