கன்னித்தீவு படிக்கிறவருக்கு அடுத்து எதைக் கொடுப்பது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ் வரும்வரை டீக்கடையில் தினத்தந்தியைப் புரட்டுகிறவர்களில் பலருக்குக் கண் தானாகப் போய் நிற்கும் இடம் கன்னித்தீவு. 1960-ல் தொடங்கிய படக்கதை அது, சிந்துபாத் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை. இழுத்துக்கொண்டே போகும் எந்த வழக்கையும் "கன்னித்தீவு மாதிரி" என்று சொல்லும் அளவுக்கு அது நம் பேச்சில் ஊறிவிட்டது. ஆனால் அதே ஆளிடம் "காமிக்ஸ் படிப்பீங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்" என்பார்.

நம் ஆரணியில் இந்தப் பதிலை நிறையவே கேட்கலாம். (பட்டுச்சேலை ஆரணி இல்லை, பெரியபாளையத்துப் பக்கத்து ஆரணி. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொல்லியே நமக்கு வாய் வலிக்கும்.) தெரிந்த காமிக்ஸ் எது என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான்: இரும்புக்கை மாயாவி. 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவர்தான். பிரிட்டனில் 'வேலியன்ட்' வார இதழில் 1962-ல் பிறந்தவர். ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கை போய், இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இரும்பு உருக்காலைகள் நிறைந்த சிப்காட்டில் இதைவிடப் பொருத்தமான நாயகன் கிடைக்கமாட்டார். ஆனாலும் நாற்பது வயதில் புதிதாகக் காமிக்ஸ் எடுக்கிறவருக்கு நான் மாயாவியைக் கொடுக்கமாட்டேன். அது பத்து வயதில் ருசி பார்த்தவர்களுக்கான தேன்மிட்டாய்.

நல்ல காமிக்ஸ் பல கண்ணில் படாமலே போவதற்குக் காரணம் தரம் இல்லை, கடை. ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் ராணி காமிக்ஸ் கயிற்றில் தொங்கும். 1984-ல் தொடங்கிய அது 500 இதழ்களோடு 2005-ல் நின்றது. அதே 1984-ல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸ் முத்துவோடு சேர்ந்து இன்றும் வருகிறது, ஆனால் பெட்டிக்கடைக்கு வருவதில்லை. சந்தா கட்டினால் வீட்டுக்கு வரும். இல்லையென்றால் சென்னைப் புத்தகக் காட்சிதான். அளவாக அச்சடிப்பதால் தீர்ந்த இதழைத் தேட வேண்டியிருக்கும். பழைய இதழுக்கு யானை விலை சொல்கிறவர்களிடம் போகாதீர்கள், மறுபதிப்புக்குக் காத்திருங்கள். நம் பக்கத்து ஆட்கள் முன்பு மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் துழாவினார்கள். 1985-ல் அது எரிந்தது. இன்று கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் புறப்படும் நிலையம் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

சிவகாசி நமக்குச் செய்த ஒரு காரியத்தை வெளியே யாரும் பேசுவதில்லை. நினைவிழந்த மனிதன் ஒருவன், கழுத்தெலும்பின் மேல் பதிமூன்று என்று பச்சை குத்திய எண்ணை வைத்துத் தான் யாரென்று தேடும் பெல்ஜியத் தொடர் உண்டு. தமிழில் 'இரத்தப் படலம்'. எண்பதுகளிலேயே நாம் அதைப் படிக்கத் தொடங்கிவிட்டோம். ஆங்கிலத்தில் அது ஒழுங்காகத் தொடர்ந்து வர 2010 ஆனது. அதே 2010-ல் லயன் அதை 800 பக்கத்துக்கு மேற்பட்ட ஒரே கறுப்பு வெள்ளைத் தொகுப்பாகக் கொண்டுவந்தது. துப்பறியும் நாவல் பிடித்தவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லலாம்.

'கிராபிக் நாவல்' என்ற சொல் பலரை மிரட்டுகிறது. தொடர் நாயகன் இல்லாமல், ஒரு புத்தகத்துக்குள் ஒரு முழு வாழ்க்கையைப் படமாகச் சொல்வது, அவ்வளவுதான். தமிழில் முதலில் எடுக்க வேண்டியது 'பீமாயணம்'. அம்பேத்கரின் வாழ்க்கை, வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியத் தம்பதி. ஆங்கிலத்தில் 2011-ல் நவயானா வெளியிட்டது, தமிழில் காலச்சுவடு. இதில் கட்டம் கட்டமாகப் பிரித்த பக்கமே கிடையாது. மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க அந்த ஓவியர்களுக்கு இஷ்டமில்லை. பேச்சுக் குமிழிகளைப் பாருங்கள். மென்மையாகப் பேசுகிறவரின் குமிழி பறவை வடிவில் இருக்கும். சாதித் திமிரில் பேசுகிறவரின் குமிழிக்குத் தேள் கொடுக்கு வால். மனதுக்குள் நினைப்பதற்கு ஒரு கண். பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் பீமின் தாகத்தைச் சொல்லும் இடத்தில் அவன் உடம்பே மீனாகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிக்கும் அந்தப் பக்கம் புரியும்.

ஈரானியச் சிறுமியின் கதையான 'பெர்செபோலிஸ்' தமிழில் விடியல் வெளியீடாக இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. பள்ளி மேல்வகுப்புப் பெண்களுக்கு இதைவிட நல்ல தோழி அமையமாட்டாள்.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றிப் பழவேற்காட்டு மீனவர்கள் பேசக் கேட்டவர்களுக்கு ஓரிஜித் சென்னின் 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்'. நர்மதை அணை எதிர்ப்பை வைத்து 1994-ல் வந்தது. இந்தியாவின் முதல் கிராபிக் நாவல் என்று பலரும் சொல்வது இதைத்தான். வெகுகாலம் கிடைக்காமல் கிடந்த புத்தகத்தைச் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2022-ல் மறுபடி அச்சிட்டது. ஒரு பக்கம் தில்லியிலிருந்து வரும் பத்திரிகைக்காரன், இன்னொரு பக்கம் நதி பிறந்த கதையைப் பாடும் ஆதிவாசிப் பாணன். இரண்டு வரிசைக்கும் ஓவிய நடையே வேறு. ஆங்கிலம் எளிமையானதுதான்.

'வன்னி' பற்றி யோசித்துத்தான் எழுதுகிறேன். ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்து, 2008 செப்டம்பரில் வெளியேற்றப்பட்ட பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லின்ட்சே பொல்லாக் வரைந்தது, 2019-ல் வெளியானது. சுனாமியில் தொடங்கி 2009 வரை ஒரு குடும்பம் படும் பாடு. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே இருக்கிற நண்பரிடம் "உங்க கதை வந்திருக்கு" என்று உற்சாகமாக நீட்டிவிடாதீர்கள். முதலில் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். படிக்க வேண்டியவர்கள் முகாமுக்கு வெளியே இருக்கும் நாம்.

கடைசியாக, தமிழே தெரியாதவருக்கு ஒன்று. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் ஒரு அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் ஷிஃப்டில் இருந்தால் ஷான் டானின் 'தி அரைவல்' கொடுத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியக்காரர் 2006-ல் வெளியிட்டது. வெளிநாட்டுப் பதிப்பு என்பதால் விலை கொஞ்சம் கையைக் கடிக்கும், நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். புத்தகத்துக்குள் ஒரு வசனம்கூட இல்லை. வேலை தேடி ஒருவன் பெட்டியோடு அயல்நாட்டில் இறங்குகிறான். கடைப்பலகை, படிவம் எல்லாவற்றிலும் இருப்பது ஓவியர் கற்பனை செய்த எழுத்து. அவனுக்கும் புரியாது, உங்களுக்கும் புரியாது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஒடிசாக்காரருக்கும் புரியாது. அவன் மகள் பிறகு வந்து சேருகிறாள். தெருவில் வரைபடத்தை வைத்துக்கொண்டு முழிக்கும் இன்னொரு புதியவளுக்கு அந்தச் சிறுமி கை நீட்டி வழி காட்டுகிறாள்.