பொதுக்கடன்: ஏணியா, சுமையா?

கடன் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் உள்ளம் அஞ்சுகிறது. எனினும், ஒரு நாடு வாங்கும் கடன் யாவும் தீங்கென நாம் கொள்ளலாகாது. கடன்பெற்ற பணம் அணையாகவும் துறைமுகமாகவும் கல்விக்கூடமாகவும் மாறி, வட்டியினும் மிகுந்த வருவாயை ஈட்டித் தருமாயின், அக்கடன் வளர்ச்சிக்கு ஏணியாகும். அன்றாடச் செலவுக்கே கரையுமாயின், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உரிய பணத்தை வட்டி விழுங்கும்.

அளவை மட்டும் கொண்டு கடனின் ஆபத்தை அறிய இயலாது. ஜப்பானின் பொதுக்கடன் அதன் ஓராண்டு உற்பத்தியைப் போல் இரு மடங்கிற்கும் மேற்பட்டது. ஆயினும் அது பெரும்பாலும் உள்நாட்டில், தன் நாணயமான யென்னிலேயே பெற்ற கடன். இலங்கையோ டாலரில் பெருங்கடன் பட்டது. டாலரை அந்நாடு அச்சிட இயலாது. ஈட்டியே ஆக வேண்டும். 2019ஆம் ஆண்டின் இறுதியில் வரிகளைக் குறைத்தமையால் அரசின் வருவாய் சுருங்கியது. 2020இல் பெருந்தொற்றால் சுற்றுலா வருவாயும் வீழ்ந்தது. அந்நியச் செலாவணி வற்றவே, 2022 ஏப்ரலில் பெரும்பாலான வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்தியது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் அல்லலுற்றனர். அவ்வாண்டில் பொருளாதாரம் 7 விழுக்காட்டிற்கும் மேல் சுருங்கியது.

ஆகவே, எவ்வளவு கடன் என்பதோடு அமையாது, எதற்காக, எந்த நாணயத்தில், எவ்வருவாயைக் கொண்டு அடைப்பதற்காக என்னும் வினாக்களையும் நாம் எழுப்புவோமாக. கடன் ஏட்டில் கையெழுத்திடுவோர் ஆட்சியாளர். அதனை அடைப்போரோ, இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்.