11-ஆம் எண் கூண்டு ஏறினால் என்ன அர்த்தம், தெரியுமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் செய்திகளில் தவறாமல் வரும் வரி ஒன்று உண்டு: நாகை, கடலூர், பாம்பன் துறைமுகங்களில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது! சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அந்தக் கூண்டை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

துறைமுகத்தில் உயரமான ஒரு கம்பம் நிற்கும். பகலில் அதில் கூம்பு வடிவிலும் உருளை வடிவிலும் கூண்டுகளை ஏற்றுவார்கள். இருட்டிவிட்டால் அவற்றுக்குப் பதில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். கடலில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்தால் போதும், சேதி கிடைத்துவிடும். இந்தியாவில் இந்த ஏற்பாடு முதலில் தொடங்கிய இடம் கல்கத்தா துறைமுகம், ஆண்டு 1865. அதற்கு முந்தின ஆண்டுதான் ஒரு பெரும்புயல் அந்த நகரத்தைச் சின்னாபின்னமாக்கியிருந்தது.

எண் கூடக் கூடப் புயலின் பலமும் கூடுகிறது என்றுதானே நினைத்திருப்பீர்கள்? அது பாதிதான் சரி! 1, 2 என்றால் தூரக் கடலில் ஏதோ உருவாகிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மிரட்டல். 5, 6, 7 மூன்றுக்கும் ஆபத்தின் அளவு ஒன்றுதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது துறைமுகத்தின் மீதே ஏறுமா என்பதைச் சொல்லத்தான் மூன்று எண்கள். 8, 9, 10-ம் அப்படியே, ஆனால் கடும்புயலுக்கு. அப்படியானால் 11? வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று அர்த்தம்! இனிமேல் தகவல் வராது, நிலைமை மோசம் என்று எடுத்துக்கொண்டு முடிவெடுங்கள் என்று அந்தக் கம்பம் சொல்கிறது. சேதி வராது என்பதற்கும் ஒரு சேதி வைத்திருந்தார்களே, அந்த முன்யோசனையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய் சிலிர்க்கிறது. பேரிடர்களைப் பற்றி எதைப் படித்தாலும் நான் தேடுவது ஒன்றைத்தான்: கடைசி வீடுவரை சேதி போனதா?

2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி 9.1 அளவுக்குக் குலுங்கியபோது நமக்குக் காலை 6.28 மணி. நம் கரையில் சுனாமி அலை ஏறியது அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. இரண்டு மணி நேரம்! ஆனாலும் சொல்ல ஆளில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 உயிர்களைக் கடல் கொண்டுபோனது. இப்போது சிமுலு என்ற தீவைப் பாருங்கள். இந்தோனேசியாவின் அந்தத் தீவு நிலநடுக்க மையத்துக்கு வெகு அருகில். பத்து நிமிடத்துக்குள் அலை வந்துவிட்டது. எந்த அரசாங்க எச்சரிக்கையும் கிடையாது. தீவில் சுமார் 78,000 பேர். இறந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஏழே பேர்!

காரணம் ஒரு சொல்: ஸ்மோங். 1907-இல் அந்தத் தீவை ஒரு சுனாமி வாரிச் சுருட்டியது. தப்பிப் பிழைத்தவர்கள் அதைத் தாலாட்டாகப் பாடினார்கள், கதையாகச் சொன்னார்கள். பூமி பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மலைக்கு ஓடு; அதுதான் ஸ்மோங். 97 ஆண்டுகள் கழித்து அன்று காலை யாரோ அந்த ஒரு சொல்லைக் கூவ, ஊரே மேட்டில் ஏறி நின்றது. ஒரு பாட்டி பேரனுக்குச் சொன்ன கதை இத்தனை ஆயிரம் பேரைக் காப்பாற்றுமா? காப்பாற்றியிருக்கிறதே!

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில், பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி டில்லி ஸ்மித். கடல் நுரைத்துக் குமிழியிடுவதைப் பார்த்ததும், இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் ஆசிரியர் நடத்திய பாடம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அலறி அடம்பிடித்துப் பெற்றோரை நம்பவைத்தாள். சுமார் நூறு பேர் அந்தக் கரையிலிருந்து தப்பினார்கள். ஒரே ஒரு பாடவேளை!

நம் பக்கத்துக் கதை இதைவிட நெஞ்சைத் தொடும். புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவக் கிராமம். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுமத்ரா நிலநடுக்கச் செய்தி தெரிந்ததும் வீட்டுக்குப் போன் போடுகிறார். கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறதே என்று வீட்டில் பதறுகிறார்கள். ஓடுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்கிறார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையம் இருந்தது. வானிலைச் செய்தியும் மற்ற தகவல்களும் சொல்வதற்கு அங்கே ஒரு ஒலிபெருக்கி. பூட்டியிருந்த கதவை உடைத்து, அதே ஒலிபெருக்கியில் கூவினார்கள். 3,500-க்கும் மேற்பட்ட மக்கள் ஓடித் தப்பினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின, மனிதர்கள் இருந்தார்கள்! தினமும் புழங்கிய ஒலிபெருக்கி என்பதால்தான் அன்றைக்கு அது உதவியது என்று நான் நினைக்கிறேன். ஆபத்துக்கு மட்டும் என்று உறைபோட்டு வைத்த கருவியாக இருந்திருந்தால், அந்த அவசரத்தில் அதன் ஞாபகம் யாருக்கு வந்திருக்கும்?

நாகை மாவட்டத்து நாலுவேதபதியைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2002-இல் அந்த ஊர் மக்கள் 24 மணி நேரத்தில் 80,244 மரக்கன்றுகளை நட்டு கின்னஸ் சாதனை படைத்தார்கள். நட்டது சாதனைக்காக. சுனாமி வந்தபோது கரையோர மரங்களில் மோதி அலையின் வேகம் குறைந்தது. சுற்றுப்புற ஊர்கள் பட்ட பாட்டைவிட இங்கே இழப்பு வெகு குறைவு!

அலைக்கும் மனிதனுக்கும் நடந்த போராட்டத்தில் ஜப்பானியர்களின் கதைகளுக்கு அளவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது ஹமாகுச்சி கோரியோவின் கதை. சோயா சாஸ் தயாரிக்கும் குடும்பத்துப் பெரிய வியாபாரி. 1854-இல் வகயாமா பகுதியில் அவருடைய ஹிரோ கிராமத்தைச் சுனாமி தாக்கியது. இருட்டிவிட்டது; தண்ணீரில் தத்தளிப்பவர்களுக்கு மேடு எந்தத் திசை என்றே தெரியவில்லை. கோரியோ வயலுக்கு ஓடினார். அறுவடை முடிந்து வரிசையாகக் குவித்திருந்த வைக்கோல் போர்களுக்கு ஒவ்வொன்றாகத் தீ வைத்தார். அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மக்கள் மேட்டிலிருந்த கோயிலுக்கு ஏறினார்கள்.

பெரும்பாலும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது! பிழைத்தவர்களுக்கு வீடில்லை, வேலையில்லை, ஊரை விட்டுப் போகப் புறப்பட்டார்கள். கோரியோ சொந்தப் பணத்தைப் போட்டு, அவர்களுக்கே கூலி கொடுத்து, கடலோரம் ஒரு மண்கரை எழுப்பினார். 5 மீட்டர் உயரம், சுமார் 600 மீட்டர் நீளம், ஏறக்குறைய 4 ஆண்டு வேலை. அன்றைக்குச் சோறு போட்ட அதே கரை, 1946-இல் அடுத்த சுனாமி வந்தபோது கிராமத்தின் பெரும்பகுதியைக் காத்தது. நிவாரணமும் அடுத்த தலைமுறைக்கான பாதுகாப்பும் ஒரே மண்வெட்டியில்! கோரியோ தீ மூட்டிய நவம்பர் 5-ஐத்தான் ஐ.நா. உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்திருக்கிறது.

அதே ஜப்பானில் ஃபுதாய் என்ற சிற்றூரில் கோதோகு வாமுரா என்றொரு ஊர்த்தலைவர். 1933 சுனாமியில் செத்தவர்களைக் கண்ணால் பார்த்தவர். பதினைந்தரை மீட்டர் உயரத்துக்கு வெள்ளக் கதவு கட்டியே தீருவேன் என்று நின்றார். இவ்வளவு பணமா, இவ்வளவு உயரமா என்று ஊரே முணுமுணுத்தது. 1984-இல் கட்டி முடித்தார், 1997-இல் காலமானார். 2011 சுனாமியில் பக்கத்து ஊர்களெல்லாம் துடைத்துப் போட்டதுபோலக் கிடக்க, ஃபுதாய் தப்பியது. அதன்பிறகு ஊர்மக்கள் அவர் கல்லறைக்குப் போய் வணங்கினார்கள்!

இன்றைய வங்கதேசத்தில் 1970 புயலில் மாண்டவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். மக்கள் ஏன் வீட்டை விட்டு நகரவில்லை? ஒரு காரணம், ஆடு மாடு! பசுவை விட்டுவிட்டு எந்த விவசாயி வருவார்? அதனால் கால்நடைகளும் ஏறி நிற்கும்படி உயரமான மண்மேடுகளைக் கட்டினார்கள்; கில்லா என்று பெயர். இன்று அங்கே 76,000 தன்னார்வலர்கள், அவர்களில் பாதிப் பேர் பெண்கள், கையில் ஒலிபெருக்கியும் கொடியுமாக வீடு வீடாகப் போகிறார்கள். ஒடிசாவும் அப்படித்தான் பாடம் படித்தது. 1999 புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-இல் பைலின் புயல் வருமுன்னே சுமார் 10 லட்சம் பேரை இடம் மாற்றினார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. ஆயிரங்கள் பத்துகளாகக் குறைந்ததற்குப் பின்னால் இருப்பது பதினான்கு வருட உழைப்பு!

2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்களே, நினைவிருக்கிறதா? மலப்புறத்தில் பெண்களுக்கு மீட்புப் படகில் கால் வைத்து ஏற முடியவில்லை. மீனவர் ஒருவர் தண்ணீருக்குள் மண்டியிட்டுக் குனிந்தார். ஒருவர் பின் ஒருவராக அவருடைய முதுகில் மிதித்துப் படகேறினார்கள். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் கண் கலங்கிவிடுகிறது.

வெள்ளத்தில் நடப்பவர்களுக்கு ஒரு கணக்கு: வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே பெரியவர்களைக் கீழே தள்ளிவிடும், 30 செ.மீ. இருந்தால் சின்னக் காரை இழுத்துப் போகும். கணுக்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள்!

தண்ணீர் வடிந்த பிறகு வருவது வயிற்றுப்போக்கு. 1971-இல் வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே ஊட்டினார்கள். 30 சதவீதம் வரை போன இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது! வீட்டில் என்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அவ்வளவுதான்.

மீண்டெழுந்த கதைகளில் நம் பாம்பனை எப்படி விடுவது? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல், பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களையும் கடலுக்குள் தள்ளியது. சரிசெய்ய ஆறு மாதம் என்றது ரயில்வே. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ.ஸ்ரீதரன் 46 நாளில் ரயிலை ஓடவைத்தார். 46 நாள்!

இனி உங்கள் முறை. தமிழ்நாட்டில் மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இரண்டையும் இப்போதே கைப்பேசியில் பதிந்துவையுங்கள். தண்ணீர் வந்தால் ஏறி நிற்க உங்கள் தெருவுக்கு அருகில் எது மேடு என்று இன்றிரவு பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தெருக்கோடியில் தனியாக இருக்கும் பாட்டியின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன் இல்லாதவரென்றால், மழை வலுக்கும் இரவில் அவர் கதவைத் தட்டப்போவது யார் என்பதை இன்றே பேசி முடிவு செய்துவிடுங்கள்.