மாணவர் அபிப்பிராயமும் மருத்துவ போதனையும்

மருத்துவக் கல்லூரியில் போதனை செவ்வனே நடைபெறுகின்றதா என்பதை அறிய மாணவர்களையே வினவுதல் எளிய வழி என்று தோன்றும். பாடம் முடிந்ததும் அச்சிட்ட படிவம் ஒன்று வழங்கப்படுகின்றது. ஆசிரியரின் தெளிவு, ஊக்கம், காலந்தவறாமை முதலியவற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுமாறு மாணவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். பின்னர் சராசரி கணக்கிடப்படுகின்றது. ஆயினும், அச்சராசரி உண்மையில் எதனை அளக்கின்றது?

இதனை ஆராய 1970-ம் ஆண்டில் அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் விசித்திரமான சோதனையொன்றை நடத்தினர். நடிகர் ஒருவருக்கு 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று பெயரிட்டு, கணித விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவர் கல்விக்குப் பயன்படுத்துவது குறித்து விரிவுரையாற்றச் செய்தனர். முன்னுக்குப்பின் முரணான கூற்றுக்களும் பொருளற்ற புதுச்சொற்களும் நகைச்சுவையும் கலந்த பேச்சு அது. மனநோய் மருத்துவர்கள், உளநூலார், கல்வித்துறையினர் முதலியோர் அடங்கிய மூன்று குழுக்களாக மொத்தம் 55 பேர் அதனைக் கேட்டனர் அல்லது படச்சுருளிற் கண்டனர். ஒருவரும் ஏமாற்றத்தைக் கண்டுகொள்ளவில்லை. பெரும்பாலோர் விரிவுரையைப் பாராட்டினர். அவருடைய நூல்களை முன்பே படித்திருப்பதாகக் கூறியவரும் ஒருவர் உண்டு! இச்சோதனையின் விவரம் 1973-ல் வெளியாயிற்று. தேர்ந்த அறிஞர்களே இவ்வாறு மயங்குவாராயின், முதலாண்டு மாணவரைக் குறை கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

பின்வந்த ஆய்வுகளும் எச்சரிக்கையையே வலியுறுத்தின. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், கணினிவழி வகுப்பொன்றின் ஆசிரியர்கள் இருவர், ஆணும் பெண்ணுமாக, தத்தம் பெயரை மாற்றிக்கொண்டு சில குழுக்களுக்குக் கற்பித்தனர். உண்மையில் எவர் கற்பித்தபோதிலும், ஆண் பெயர் தாங்கியவருக்கே மாணவர்கள் கூடுதல் மதிப்பளித்தனர்.

எனினும் மாணவரின் சொல்லைப் புறக்கணித்துவிட முடியாது. ஆசிரியரின் பாட அறிவை எடைபோடும் தகுதி மாணவருக்கு இல்லாதிருக்கலாம். ஆனால் வகுப்பறையிலும் வார்டிலும் நிகழ்ந்தவற்றுக்கு அவரே சாட்சி. நோயாளி மூச்சை உள்ளிழுக்கும்போது இடது விலா விளிம்பின்கீழ் வீங்கிய மண்ணீரல் இறங்கிவந்து விரல் நுனியைத் தொடுகின்றது. அதனைத் தாமே உணர்ந்தாரா, அன்றிப் பிறர் தோள்களுக்குப் பின்னே நின்று கேட்டதோடு சரியா? அவர் பரிசோதித்ததை ஆசிரியர் அருகிருந்து கவனித்துத் திருத்தினாரா? இவ்வினாக்களுக்கு ஆம் அல்லது இல்லை என்னும் விடை, ஆசிரியர் நல்லவரா என்னும் வினாவுக்குரிய மதிப்பெண்ணைவிடப் பன்மடங்கு பயன் தரும். ஒரு தொகுதி மாணவரிற் பாதிப்பேர் மண்ணீரலைத் தொட்டறியாமல் பட்டம் பெற்றுச் சென்றால், அக்குறை பின்னாளில் யாரோ ஒரு நோயாளியின் உடலில்தான் வெளிப்படும்.

இங்கு வழங்கும் 'பின்னூட்டம்' என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மின்னியல் துறையில் அது, பெருக்கிக் கருவியின் வெளியீட்டில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளீட்டிற் செலுத்துவதைக் குறிக்கும். திரும்பிச் செல்லாத வெளியீடு பின்னூட்டம் ஆகாது. அவ்வாறாயின், ஆண்டிறுதியிற் பெற்று அலமாரியில் அடுக்கப்படும் படிவங்களுக்கு அப்பெயர் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. பாதிப் பாடத்தின்போதே கேட்டால் அதே மாணவர்கள் பயனடைவர். வகுப்பு முடிவில் ஒரு நிமிடம் கொடுத்து, விளங்காது நின்ற ஒன்றைத் துண்டுத்தாளில் எழுதச் சொல்வதே போதுமானது. இடைக்காலத்தில் பெற்ற மதிப்பீட்டை ஆசிரியரிடம் கொடுப்பதோடு நில்லாமல், அனுபவமிக்க ஒருவர் உடனிருந்து ஆலோசனையும் கூறினால் பலன் மிகுதியாகும் என்பது 1980-ல் தொகுக்கப்பட்ட ஆய்வுகளால் தெரியவந்தது.

நம் நாட்டிற் பெரிய தடை அச்சமே. கற்பிப்பவரே உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணும் இடுகின்றார். எட்டுப்பேர் கொண்ட வார்டுக் குழுவில் பெயரில்லாத தாளிலும் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். ஆதலின் தாள்களைத் துறைக்கு வெளியே உள்ளவர், குறிப்பாகக் கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவினர், திரட்டிச் சாரத்தை மட்டும் தட்டச்சில் ஆசிரியருக்கு அளிப்பது நலம். 2019-ல் சேர்ந்த மாணவர் முதல் நடைமுறைக்கு வந்த தகுதி அடிப்படையிலான பாடத்திட்டத்தில் ஒவ்வொரு திறமையும் தனித்தனியே வரையறுக்கப்பட்டிருப்பதால், வினாக்களைப் புதிதாகத் தேடவேண்டியதில்லை. அடுத்த வாரம் ஆசிரியர் வகுப்பில், "நீங்கள் கேட்டபடி இன்று நால்வராகப் பிரிந்து செல்வோம், இன்னொன்றைக் கேட்டிருந்தீர்கள், அதற்கு நேரமில்லை" என்று கூறுவாரானால், அதற்கடுத்த தாளில் மாணவர் உண்மையையே எழுதுவர்.